மஞ்சளிலிருந்து பைரசோல் குர்குமின்: பிரித்தெடுப்பது முதல் செல் சோதனை வரை

தாவர மூலக்கூறு ஒன்றை மாற்றியமைத்துப் புற்றுநோய் மருந்து தேடும் ஆய்வேடுகளில் பெரும்பாலும் ஒரு கேள்விக்குப் பதில் இருப்பதில்லை: அசல் மூலக்கூறில் என்ன குறை? இதற்கு விடை தெரியாமல் ஒரு குளோரினையோ ஒரு மெத்தில் தொகுதியையோ ஒட்டிப் பார்ப்பது குருட்டாட்டம். மருந்துக் கடை வரை வந்து சேர்ந்தவற்றைப் பாருங்கள். கேம்ப்டோதெசின் 1966இல் சீன மரம் ஒன்றிலிருந்து பிரிக்கப்பட்டது. அது நீரில் கரையாது. கரைய வைக்க அதன் லாக்டோன் வளையத்தைத் திறந்து சோடியம் உப்பாக்கிக் கொடுத்தபோது வீரியம் குறைந்தது, நோயாளிகளின் சிறுநீர்ப்பையும் புண்ணானது. வளையத்தைத் தொடாமல், நீரில் கரைய உதவும் அமீன் தொகுதியை வேறிடத்தில் சேர்த்தபோது டோபோடெகான் கிடைத்தது. அமெரிக்காவில் 1996இல் அனுமதி. போடோஃபில்லோடாக்சின் என்ற தாவரப் பொருளில் குறை நச்சுத்தன்மை. அதைத் திருத்தி வந்த எட்டோபோசைட் டியூபுலின் என்ற புரதத்தை விட்டுவிட்டு டோபோஐசோமரேஸ் 2 என்ற வேறு இலக்கையே பிடித்துக்கொண்டது. மாற்றியமைத்த மூலக்கூறு பழைய வழியிலேயே வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். நம் ஊர்ச் சுடுகாட்டு மல்லியின் ஆல்கலாய்டுகளைத் திருத்தித்தான் வினோரெல்பின் வந்தது.

இங்கே எடுத்துக்கொள்வது குர்குமின். மூலப்பொருள் ஈரோட்டில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது, வேதியியல் எளிது, குறையும் தெளிவாகத் தெரிந்தது. அதன் நடுவில் உள்ள பீட்டா-டைகீட்டோன் பகுதி உடலின் பிஹெச் அளவில் நிலைத்து நிற்பதில்லை. 1997இல் வெளியான அளவீட்டின்படி, சீரம் இல்லாத பிஹெச் 7.2 கரைசலில், 37 டிகிரியில், அரை மணி நேரத்தில் 90 சதவீதம் சிதைந்துவிடுகிறது. 120க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்தும் குர்குமின் மருந்தாகாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த டைகீட்டோனை ஹைட்ரசீனோடு சேர்த்துப் பைரசோல் வளையமாக (இரண்டு நைட்ரஜன் உள்ள ஐந்து அணு வளையம்) மூடிவிடுவதுதான் இங்கே செய்யும் திருத்தம்.

இது முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களின் ஆய்வகத்துக்கான வழிமுறை. வீட்டில் செய்வதற்கோ, கிடைப்பதை யாரும் விழுங்கிப் பார்ப்பதற்கோ அல்ல.

மஞ்சள் வாங்குவதும் பிரிப்பதும்

பொடியாக வாங்காதீர்கள். கடைப் பொடியில் மெட்டானில் மஞ்சளும் லெட் குரோமேட்டும் கலந்திருக்க வாய்ப்புண்டு. விரலி மஞ்சளாக வாங்கி நீங்களே அரைத்துக்கொள்ளுங்கள். வேறு வழியில்லாமல் பொடிதான் என்றால், சிட்டிகைப் பொடியில் சில துளி அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுங்கள். சுத்தமான மஞ்சளும் சிவக்கும், ஆனால் தண்ணீர் ஊற்றியதும் அந்தச் சிவப்பு போய்விடும். போகாமல் நின்றால் மெட்டானில் மஞ்சள் இருக்கிறது. கஸ்தூரி மஞ்சள் வேறு இனம்; இதற்கு உதவாது.

100 கிராம் பொடியை 50 கிராமாக இரண்டு தடவை சாக்ஸ்லெட்டில் (கரைப்பானால் திரும்பத் திரும்பக் கழுவிப் பிரிக்கும் கருவி) போடுங்கள். முதலில் 250 மி.லி. ஹெக்சேன், 6 மணி நேரம். இது டர்மரோன் முதலான எண்ணெய்களை எடுத்துவிடும். இந்தப் படியைத் தவிர்த்தால் பின்னால் குர்குமின் படிகமாகாமல் பிசினாகவே நிற்கும். பலர் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்வது இங்கேதான். பொடியை ஃபியூம் ஹூட்டில் பரப்பி ஹெக்சேன் வாடை போகும்வரை உலர்த்துங்கள். அடுத்து 250 மி.லி. அசிட்டோன், சைஃபன் குழாயில் இறங்கும் திரவம் நிறமில்லாமல் ஆகும்வரை. 8 மணி நேரமாவது ஆகும். அசிட்டோனை ரோட்டாவேப்பில் (குறைந்த அழுத்தத்தில் கரைப்பானை ஆவியாக்கும் கருவி) 40 டிகிரியில் இறக்கினால் கருஞ்சிவப்புப் பிசின் மிஞ்சும். அதில் கொஞ்சம் ஐசோபுரோப்பனால் விட்டுச் சூடாக்கிக் கரைத்து, ஆறவிட்டு, ஓரிரவு குளிர்பெட்டியில் வையுங்கள். ஆரஞ்சு நிறத் தூள் படியும். வடிகட்டி, குளிர்ந்த ஹெக்சேனால் கழுவுங்கள். 2 முதல் 3 கிராம் வந்தால் மஞ்சள் நல்லது.

இது இன்னும் குர்குமின் ஆகிவிடவில்லை. குர்குமின், டெமீத்தாக்ஸி குர்குமின், பிஸ்டெமீத்தாக்ஸி குர்குமின் மூன்றும் சேர்ந்த கலவை. கடையில் ‘குர்குமின்’ என்று விற்கும் புட்டியிலும் பெரும்பாலும் இந்தக் கலவைதான். குர்குமின் பங்கு முக்கால் பங்கை ஒட்டி இருக்கும். அப்படியே ஹைட்ரசீனோடு சேர்த்தால் மூன்று பைரசோல்கள் வரும், எதற்கு எந்த ஐசி50 (செல் வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்கும் செறிவு) என்று சொல்ல முடியாது.

பிரிக்க 100-200 மெஷ் சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாய் (காலம்) போதும். 1 கிராம் கலவைக்கு 50 கிராம் சிலிக்கா. டைகுளோரோமீத்தேனில் தொடங்கி, மெத்தனாலை 1, 2, 3 சதவீதமாக ஏற்றுங்கள். முதலில் இறங்குவது குர்குமின், கடைசியில் பிஸ்டெமீத்தாக்ஸி. டிஎல்சி தகட்டில் (கலவையைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் சிலிக்கா பூசிய தகடு) புள்ளிகள் வால் விட்டு இழுத்தால், தகட்டைச் சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் நனைத்து 110 டிகிரியில் உலர்த்திப் பயன்படுத்துங்கள். புள்ளிகள் வட்டமாக நிற்கும். கண்ணாடிப் பாத்திரங்களைக் காரச் சோப்பில் கழுவிச் சரியாக அலசாமல் விட்டால் ஓரங்களில் செங்கறை தெரியும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் குங்குமச் சிவப்பு வருவதும் இதே வினைதான். அந்தச் சிவப்பு தெரிந்த இடத்தில் குர்குமின் அழிந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

சேர்த்த பகுதியை மெத்தனாலில் மறுபடிகமாக்குங்கள். உருகுநிலை 183 டிகிரியை ஒட்டி, இரண்டு டிகிரி இடைவெளிக்குள் இருக்க வேண்டும். 175இல் தொடங்கி 182 வரை இழுத்தால் மறுபடியும் சிலிக்கா காலத்துக்குப் போங்கள்.

வளையம் மூடுதல்

அளவு 5 மில்லிமோல். குர்குமின் 1.84 கிராம், கிளேசியல் அசிட்டிக் அமிலம் 25 மி.லி., ஹைட்ரசீன் ஹைட்ரேட் 6 மில்லிமோல். கடைசிப் பொருளின் புட்டியைக் கவனமாகப் படியுங்கள். நம் ஊரில் வருவது ‘80 சதவீத ஹைட்ரசீன் ஹைட்ரேட்’. 80 என்பது ஹைட்ரேட்டின் அளவு. வெறும் ஹைட்ரசீன் என்று பார்த்தால் 51 சதவீதம்தான். ஆக, வேண்டியது 375 மி.கி., அதாவது 0.36 மி.லி. ‘99 சதவீத ஹைட்ரேட்’ என்றால் 0.29 மி.லி.

ஹைட்ரசீன் கடும் நச்சு, தோல் வழியாகவும் உள்ளே போகும், மனிதரில் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற பட்டியலில் இருப்பது. புற்றுநோய்க்கு மருந்து தேடுகிறவர் அதை மூக்கருகே வைத்து அளப்பது வேடிக்கையான முரண். ஃபியூம் ஹூட், நைட்ரைல் கையுறை இரண்டு அடுக்கு, கண்ணாடி; இவை இல்லையென்றால் வினையைத் தொடங்க வேண்டாம்.

100 மி.லி. ரவுண்ட் பாட்டம் குடுவையில் குர்குமினை அமிலத்தோடு போட்டு 50 டிகிரிக்குச் சூடாக்கிக் கரையுங்கள். அறை வெப்பத்துக்கு ஆற்றி, நைட்ரஜன் பலூன் பொருத்தி, ஹைட்ரசீனைச் சொட்டுச் சொட்டாக ஐந்து நிமிடத்தில் சேருங்கள். அமிலமும் காரமும் சேர்வதால் சூடேறும், வெண்புகையும் கிளம்பலாம். ஒரேயடியாக ஊற்றினால் குடுவை பொங்கும். பிறகு கன்டென்சரோடு 80 டிகிரி எண்ணெய்த் தொட்டியில் 6 முதல் 8 மணி நேரம். ஆழ்ந்த ஆரஞ்சு மெல்ல வெளிறும். ஆனால் கடிகாரத்தை நம்பாதீர்கள், டிஎல்சியை நம்புங்கள். ஹெக்சேன்-எத்தில் அசிட்டேட் சம அளவில் ஓட்டி, கண்ணுக்கே தெரியும் மஞ்சள் புள்ளி போய், புற ஊதா விளக்கில் மட்டும் நன்றாகத் தெரியும் புதிய புள்ளி வந்திருக்கிறதா பாருங்கள்.

நைட்ரஜன் எதற்கு, 1.2 மடங்குக்கு மேல் ஹைட்ரசீன் ஏன் கூடாது? மிஞ்சிய ஹைட்ரசீன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்தால் டைஇமைடு உண்டாகலாம். அது உங்கள் இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜனை ஏற்றிவிடும். கிடைத்த பொருள் தகட்டில் ஒரே புள்ளியாகவே தெரியும், நிறமாலையில்தான் குட்டு வெளிப்படும்.

அசிட்டிக் அமிலத்தில் பெரும்பகுதியை ரோட்டாவேப்பில் 50 டிகிரியில் இறக்கி, மிச்சத்தை 100 கிராம் நொறுக்கிய பனிக்கட்டியில் கலக்கிக்கொண்டே ஊற்றுங்கள். வெளிர் நிறத் தூள் விழும். தூளாக விழாமல் பிசுபிசுப்பாகத் திரண்டால் அமிலம் அதிகம் மிஞ்சியிருக்கிறது. எத்தில் அசிட்டேட்டில் 50 மி.லி. மூன்று தடவை இழுத்து, தண்ணீரிலும் உப்புக் கரைசலிலும் கழுவி, சோடியம் சல்பேட்டில் உலர்த்துங்கள். இரண்டு வழியிலும் முடிவில் ஒரு சிறு சிலிக்கா காலம் தேவை. ஹெக்சேன்-எத்தில் அசிட்டேட் 7:3இல் தொடங்கி 1:1 வரை. கணக்குப்படி முழு விளைச்சல் 1.82 கிராம். 1.1 கிராம் தூய பொருள் கையில் நின்றால் போதும், அதற்கு மேல் விளைச்சலுக்காக மெனக்கெட வேண்டாம்.

கழிவை அழிக்கும்போது ஒரு விபத்து எப்போதும் காத்திருக்கிறது. ஹைட்ரசீனை அழிக்க நீர்த்த ஹைப்போகுளோரைட் சேர்ப்பது வழக்கம். ஆனால் இங்கே கழிவில் அசிட்டிக் அமிலம் நிறைய இருக்கிறது; அமிலத்தில் பிளீச்சிங் கரைசலை ஊற்றினால் குளோரின் வாயு வரும். முதலில் சோடியம் கார்பனேட்டால் கழிவை பிஹெச் 8க்கு மேல் கொண்டுவந்து, நன்றாக நீர்க்கச் செய்து, பனித் தொட்டியில் வைத்து, அதன்பின் மெதுவாகச் சேருங்கள்.

வந்தது அதுதானா?

மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். குர்குமினின் புரோட்டான் என்எம்ஆரில் 16 பிபிஎம் அருகே ஈனால் ஓஹெச் ஓர் அகன்ற குன்றாக இருக்கும். பைரசோலில் அது இருக்கவே கூடாது. டைகீட்டோன் நடுவிலிருந்த புரோட்டான், டியூட்ரோகுளோரோஃபார்மில் 5.8இல் ஒற்றையாக நின்றது, 6.6 பக்கம் நகர்ந்திருக்க வேண்டும். கார்பன் நிறமாலையில் 183இல் இருந்த கார்பனைல் காணாமல் போக வேண்டும். வினைல் புரோட்டான்களின் பிளவு 16 ஹெர்ட்ஸ் என்றால் டிரான்ஸ் வடிவம் கெடவில்லை.

மாஸ் நிறமாலையில் 365 வேண்டும். 383 தெரிந்தால் ஒரு தண்ணீர் மூலக்கூறு இன்னும் கழலவில்லை, வளையம் முழுதாக மூடவில்லை. திரும்ப அமிலத்தில் இரண்டு மணி நேரம் சூடாக்குங்கள். 367 தெரிந்தால் மேலே சொன்ன டைஇமைடு வேலை. 369 என்றால் குர்குமினே மிஞ்சியிருக்கலாம், இரண்டு பிணைப்பும் ஹைட்ரஜன் ஏறியதாகவும் இருக்கலாம். புற ஊதா அளவி இதைச் சொல்லிவிடும்: குர்குமினின் 425 நானோமீட்டர் முகடு இருக்கிறதா இல்லையா என்று பாருங்கள். எச்பிஎல்சியில் (கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) தூய்மை 95 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் செல்களிடம் கொண்டுபோகாதீர்கள்.

குறை தீர்ந்ததா என்பதை முதலில் சோதியுங்கள்

பலரும் இங்கிருந்து நேராக எம்டிடிக்கு (உயிருள்ள செல்களை ஊதா நிறத்தால் அளக்கும் சோதனை) ஓடுவார்கள். நாம் வளையம் மூடியது நிலைப்புத்தன்மைக்காக. அது கிடைத்ததா என்று பார்க்காமல் செல்லைக் கொன்று என்ன பயன்?

குர்குமின், பைரசோல் இரண்டுக்கும் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் 20 மில்லிமோலார் கரைசல் தயாரியுங்கள்: 1 மி.லி.க்குக் குர்குமின் 7.37 மி.கி., பைரசோல் 7.29 மி.கி. குவெட்டில் 37 டிகிரிக்குச் சூடாக்கிய 3 மி.லி. பாஸ்பேட் கரைசல், பிஹெச் 7.4. அதில் 3 மைக்ரோலிட்டர் கரைசலைச் சேர்த்தால் 20 மைக்ரோமோலார். 10 நிமிடத்துக்கு ஒரு தடவை, இரண்டு மணி நேரம், 250 முதல் 650 நானோமீட்டர் வரை முழு நிறமாலையும் எடுங்கள். குர்குமினின் 425 முகடு கண்ணெதிரே சரியும். பைரசோலின் முகடு 325-335 பக்கம் இருக்கும். அது அசையாமல் நிற்க வேண்டும்.

முகடு சரிந்தால் சிதைவு என்று உடனே முடிவு கட்டக் கூடாது. பொருள் கரையாமல் படிந்தாலும் முகடு சரியும். இதைக் கண்டுபிடிக்க 550க்கு மேல், எதுவும் உறிஞ்சாத இடத்தில், அடிக்கோடு உயர்கிறதா என்று பாருங்கள். உயர்ந்தால் நுண்துகள் மிதந்து ஒளியைச் சிதறடிக்கிறது. அப்படியானால் 5 மைக்ரோமோலாரில் திரும்பச் செய்யுங்கள், அல்லது சம அளவு அசிட்டோநைட்ரைல் சேர்த்துக் கரைத்து எச்பிஎல்சியில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். இதே சோதனையை 10 சதவீத எஃப்பிஎஸ் (பசுக் கருவின் சீரம்) கலந்த மீடியத்திலும் எச்பிஎல்சி கொண்டு நடத்துங்கள். சீரத்தின் ஆல்புமின் குர்குமினைப் பிடித்துக் காப்பாற்றும்; செல் சோதனை நடக்கப்போவது அந்தச் சூழலில்தான்.

எம்டிடி: எண்கள் பொய் சொல்லும் இடம்

எம்சிஎஃப்-7 மார்பகப் புற்றுச் செல்களை எடுத்துக்கொள்வோம். புனேயிலுள்ள தேசிய செல் அறிவியல் மையத்தின் சேமிப்பகத்திலிருந்து வாங்கலாம். பக்கத்துத் துறையில் யாரோ வைத்திருக்கும் குடுவையிலிருந்து கடன் வாங்கினால், அது எம்சிஎஃப்-7தான் என்பதற்கோ மைக்கோபிளாஸ்மா இல்லை என்பதற்கோ யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஒப்பீட்டுக்குப் புற்றாகாத மார்பகச் செல்லான எம்சிஎஃப்-10ஏ நல்லது. அதன் மீடியத்துக்குக் குதிரைச் சீரம், இன்சுலின், ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி என்று செலவு கூடும். செலவுக்குப் பயந்து பலர் வீரோ செல்லை வைக்கிறார்கள். அது குரங்கின் சிறுநீரகச் செல். அதை வைத்துக்கொண்டு ‘இயல்பான மார்பகச் செல்லைப் பாதிக்கவில்லை’ என்று எழுதிவிடாதீர்கள்.

96 குழிப் பிளேட்டில் குழிக்கு 7,000 செல், 100 மைக்ரோலிட்டர் மீடியத்தில். ஓரக் குழிகள் 36இலும் செல் போடாதீர்கள், 200 மைக்ரோலிட்டர் பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) நிரப்பி விடுங்கள். இரண்டு நாளில் ஓரங்களில் நீர் ஆவியாகி மருந்தின் செறிவு ஏறிவிடும். 24 மணி நேரம் ஒட்டவிடுங்கள்.

நீர்த்தல் வரிசையை மீடியத்தில் அல்ல, டிஎம்எஸ்ஓவில் செய்யுங்கள். 20 மில்லிமோலாரிலிருந்து பாதி பாதியாக எட்டுப் படி. ஒவ்வொன்றிலும் 5 மைக்ரோலிட்டர் எடுத்து 995 மைக்ரோலிட்டர் மீடியத்தில் கலந்தால் 100, 50, 25, 12.5, 6.25, 3.12, 1.56, 0.78 மைக்ரோமோலார் கிடைக்கும். எல்லாக் குழியிலும் டிஎம்எஸ்ஓ 0.5 சதவீதமே. மீடியத்தில் நீர்த்தால் மேல் செறிவில் மட்டும் டிஎம்எஸ்ஓ கூடி, அது கொன்றதும் உங்கள் கணக்கில் சேரும். பழைய மீடியத்தை எடுத்துவிட்டு இதில் 100 மைக்ரோலிட்டர் ஊற்றி, விளக்கை மங்கவைத்து வேலை செய்யுங்கள். குர்குமின் வெளிச்சத்தில் செல்லுக்குக் கூடுதல் நஞ்சாகும். 100, 50 குழிகளை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதை மறக்காதீர்கள். ஊசி ஊசியாகப் படிகம் தெரிந்தால் அந்தப் புள்ளிகளைக் கணக்கிலிருந்து நீக்குங்கள்.

48 மணி நேரம் கழித்து, பிபிஎஸ்ஸில் மி.லி.க்கு 5 மி.கி. கரைத்த எம்டிடி, குழிக்கு 10 மைக்ரோலிட்டர். 4 மணி நேரம் இன்குபேட்டரில். மீடியத்தை மெதுவாக உறிஞ்சி எடுத்து, 100 மைக்ரோலிட்டர் டிஎம்எஸ்ஓ ஊற்றி, ஊதாப் படிகம் கரைந்ததும் 570இல் படித்து 630ஐக் கழியுங்கள்.

எல்லாரும் கோட்டைவிடும் கட்டுப்பாடு ஒன்று உண்டு: செல்லே இல்லாத குழியில் மீடியம், உங்கள் பொருள், எம்டிடி. ஃபீனால் தொகுதி உள்ள மூலக்கூறுகள் எம்டிடியைத் தாமே ஊதாவாக்கிவிடும். செத்த செல் உயிரோடிருப்பதுபோல் அளவி காட்டும். அந்தக் குழியில் ஊதா தெரிந்தால், மருந்தைக் கழுவி எடுத்துப் புது மீடியத்தில் எம்டிடி போடுங்கள், அல்லது சல்ஃபோரோடமின் பி முறைக்கு மாறுங்கள்.

ஒப்பீட்டு மருந்தாகச் சிஸ்பிளாட்டின் வைப்பவர்கள் அதை டிஎம்எஸ்ஓவில் கரைக்கக் கூடாது. டிஎம்எஸ்ஓ பிளாட்டினத்தோடு பிணைந்து மருந்தை முடக்கிவிடும். உங்கள் பொருள் சிஸ்பிளாட்டினைவிட வீரியம் என்று ஒரு பொய் முடிவு பிறக்கும். 0.9 சதவீத உப்பு நீரில், அன்றன்றைக்குக் கரையுங்கள், டிஎம்எஸ்ஓ 0.5 சதவீதம் இருக்கும் மீடியத்திலும் அதைக் கலக்க வேண்டாம், அந்த வரிசைக்குத் தனிக் கட்டுப்பாடு வையுங்கள்.

ஐசி50ஐ வரைபடத்தாளில் நேர்கோடு இழுத்துக் கண்டுபிடிக்காதீர்கள். செறிவை மடக்கையாக்கி, நான்கு அளபுரு வளைவைப் பொருத்துங்கள். மேலும், ஒரே பிளேட்டின் மூன்று குழி மூன்று சோதனை ஆகாது. வேறு வேறு நாளில், வேறு வேறு பாசேஜ் (வளர்ப்புத் தலைமுறை) செல்லில், மூன்று தடவை.

எண்ணை எப்படிப் படிப்பது

பைரசோலின் ஐசி50 குர்குமினைவிடக் குறைந்தால், அது இலக்கை இறுகப் பிடித்ததாலா, அல்லது 48 மணி நேரமும் சிதையாமல் இருந்ததால்தானா? இரண்டையும் பிரிக்க ஒரு வழி: குர்குமின் குழிகளில் மட்டும் 8 மணி நேரத்துக்கு ஒரு முறை புது மருந்து கலந்த மீடியம் மாற்றி, இன்னொரு பிளேட் ஓட்டுங்கள். இடைவெளி மறைந்துவிட்டால் நீங்கள் திருத்தியது நிலைப்பை மட்டுமே. அதுவும் நேர்மையான முடிவுதான், அப்படியே எழுதலாம்.

எதிர்த்திசையிலும் நடக்கும். குர்குமின் தயால் (கந்தகம்-ஹைட்ரஜன்) தொகுதி உள்ள புரதங்களோடு கண்டபடி ஒட்டிக்கொள்ளும் குணமுள்ளது. பல சோதனைகளில் அது காட்டும் ‘வீரியம்’ இதனால் வருவது. கார்பனைல் போனதும் பைரசோலுக்கு அந்தக் குணம் பெரிதும் குறைந்துவிடும். ஆகவே ஐசி50 ஏறினால் வினை தோற்றது என்று அர்த்தமில்லை. 50 மைக்ரோமோலார் பொருளை 5 மில்லிமோலார் குளுட்டத்தியோனோடு பிஹெச் 7.4இல் ஒரு மணி நேரம் வைத்து, மாஸ் நிறமாலையில் 307 கூடிய முகடு வருகிறதா என்று இரண்டுக்கும் பாருங்கள். குர்குமினில் வந்து பைரசோலில் வராவிட்டால், அந்தப் பழைய வீரியத்தில் எவ்வளவு வெறும் ஒட்டுதல் என்பது தெரிந்துவிடும்.

டாக்கிங் (மூலக்கூறு புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்ற கணினிக் கணிப்பு) படத்தை இதற்குப் பின்னால்தான் வைக்க வேண்டும். மைனஸ் 9 கிலோகலோரி என்று எந்தப் புரதத்தோடும் காட்டிவிடலாம். ஐசி50 10 மைக்ரோமோலாருக்குக் கீழேயும், எம்சிஎஃப்-10ஏ செல்லில் அதன் மூன்று மடங்குக்கு மேலேயும் வந்தால் மட்டும் அடுத்த வரிசை மூலக்கூறுகளுக்குப் போங்கள்: ஹைட்ரசீனுக்குப் பதில் ஃபீனைல் ஹைட்ரசீன் ஹைட்ரோகுளோரைடு, அதே அமிலம், அதே 80 டிகிரி. வளையத்தின் நைட்ரஜனில் ஃபீனைல் அமரும், நீரில் கரைதிறன் இன்னும் குறையும். அதனால் அந்தத் தொகுதிக்கு மேல் செறிவை 100இல் அல்ல, 25 மைக்ரோமோலாரில் நிறுத்திக்கொள்ளுங்கள்.